மாமாவின் சிடி கப்பலேறிய நாள்

என் மாமா வாய்விட்டுச் சிரிக்கிற ஆள். ஆனால் கேமராவைத் தூக்கிவிட்டால் போதும், முகம் விறைத்து, கண் உருண்டு, யாரையோ அடிக்கப் புறப்பட்டவர் மாதிரி ஆகிவிடுவார். பெண் தேடி எங்கள் தீவிலிருந்து கடல் தாண்டி மெயின்லேண்டுக்குப் போன அவருடைய போட்டோக்களுக்கு வந்த பதில்கள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. ஜாதகம் பொருந்தவில்லையாம். ஜாதகம் என்ன செய்யும் பாவம், போட்டோவைப் பார்த்தால் எனக்கே பயமாக இருக்கும். தாய் தகப்பன் இல்லாத தம்பியைத் தன் கல்யாணத்துக்குப் பிறகும் கூடவே வைத்து வளர்த்தவள் என் அம்மா. அவருக்கு முன்தலை வழுக்கையானதும் அவளுக்குத் தூக்கம் போனது.

தெற்கே இன்னொரு தீவான கட்சாலில் இருந்து ஒரு சம்பந்தம் வந்தது. இலங்கையின் மலைத்தோட்டங்களிலிருந்து வந்து ரப்பர் தோட்டத்தில் குடியேறிய குடும்பம். பெண் அங்கே பள்ளிக்கூடத்தில் டீச்சர். தாய் இல்லை. தகப்பனாருக்குச் சுனாமியில் கால் போய்விட்டது. அவரை விட்டு அவள் வரமாட்டாள், கட்டுகிறவர்தான் கட்சாலுக்கு வந்து இருக்க வேண்டும் என்றார்கள். மாமா யோசிக்கவே இல்லை. கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் டிக்கெட் எழுதுகிற வேலை எங்கே போனாலும் கிடைக்கும், இல்லாவிட்டால் அங்கேயே ஒரு கம்ப்யூட்டர் கடை போட்டுவிடுவேன் என்றார். அம்மா அன்றைக்கு முழுக்க யாரோடும் பேசவில்லை. மறுநாள் காலையில் தோசைக்கல்லைப் பார்த்தபடியே அப்பாவிடம், "நல்ல பொண்ணாத்தான் தெரியுது. மேற்கொண்டு பேசுங்க" என்றாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் இந்தக் கல்யாணத்துக்கு அவளைவிட அவசரப்பட்டவர் யாருமில்லை.

போட்டோ அனுப்பினால் கெட்டது குடி என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால் அப்பா தன் ஆபீஸ் நண்பரிடம் கேமரா இரவல் வாங்கி, மாமாவுக்குத் தெரியாமல் அவர் மீன் வறுப்பதை வீடியோ எடுத்தார். எண்ணெய் தெறித்து மாமா துள்ளியதும், தன்னைத் தானே கேலி செய்து சிரித்ததும் நன்றாக விழுந்திருந்தன. அதைப் பார்த்தால் யாருக்கும் பிடித்துவிடும். ஆனால் அனுப்புவது எப்படி? எங்கள் ஊர் இன்டர்நெட்டில் ஒரு போட்டோ ஏறுவதற்குள் சோறு வெந்து குழைந்துவிடும். சிடியில் போட்டு ஆள் கையில் கொடுத்துவிடுவதுதான் வழி. பக்கத்து வீட்டு நர்ஸ் அக்காவுக்குக் கட்சாலில்தான் வேலை. லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் கப்பலில் போகிறார். அதை விட்டால் அடுத்த கப்பல் எப்போது என்பது கடலுக்குத்தான் தெரியும். அதற்குள் இன்னும் தெற்கே இருக்கிற கேம்பல் பேயிலிருந்து வேறொரு மாப்பிள்ளை நேரிலேயே பெண் பார்க்க வருகிறாராம்.

ஞாயிறு காலையில் மாமா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். வழக்கமாக ஒரு சிடி எழுதுவதற்கு ஒரு டீ குடிக்கிற நேரம்தான் ஆகும். அன்றைக்கு டீ குடித்து, குளித்து, இட்லி சாப்பிட்டு வந்து பார்த்தாலும் திரையில் அந்தப் பச்சைக்கோடு பாதியில் படுத்திருந்தது. மவுஸை அசைத்தால் அம்புக்குறி நொண்டி நொண்டி நகர்ந்தது. கடைசியில் எழுத முடியவில்லை என்று சொல்லி சிடியை வெளியே துப்பிவிட்டது. அடுத்த சிடி இன்னும் மெதுவாகப் போய், இன்னும் சீக்கிரம் செத்தது.

வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னோம். தூசிதான் என்று அப்பா உறுதியாகச் சொல்லி, பெட்டியைத் திறந்து பெயிண்ட் பிரஷ்ஷால் தடவினார். மாமா ஒயர்களைப் பிடுங்கி மறுபடி சொருகினார். அம்மா உப்பும் மிளகாயும் எடுத்துவந்து கம்ப்யூட்டருக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டாள். நாங்கள் காக்கி என்று கூப்பிடுகிற எதிர்வீட்டு பெங்காலி அம்மா அதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, மெஷினுக்கு என்ன ஆயிற்று என்று ஹிந்தியில் விசாரித்தார். ஜலதோஷம் என்றார் மாமா.

அபர்டீன் பஜார் ஸ்டூடியோவில் கொடுத்தால் எழுதித் தருவார்களே என்று நான் கேட்டேன். அம்மா என்னை முறைத்தாள். அந்த ஸ்டூடியோக்காரர் வாய்க்குப் பூட்டே கிடையாதாம். தம்பி மீன் வறுக்கிற அழகை பஜார் பூரா பார்த்துவிட்டுத்தான் கட்சாலுக்கு அனுப்புவாராம். சொல்லிவிட்டு மாமா பக்கம் திரும்பி, "ஜல்தி பண்ணுடா. அந்தக் கேம்பல் பேக்காரன் முந்திருவான்" என்றாள்.

மாமா கம்ப்யூட்டரின் செட்டிங்குகளில் நுழைந்து ஒவ்வொன்றாகத் துழாவினார். ஓரிடத்தில் நிறுத்தி, தொடையைத் தட்டினார். எழுதும்போது திரும்பத் திரும்பத் தப்பு வந்தால், கம்ப்யூட்டர் தானாகவே பயந்து வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமாம். பிறகு நாமாகச் சொல்கிற வரைக்கும் அது பழைய வேகத்துக்கு வராதாம். "ஒரு தடவை விழுந்தவன் நடக்கவே பயப்படுவான்ல, அந்த மாதிரி" என்றார் எனக்கு. அதைச் சரிசெய்து, அணைத்துப் போட்டார். அம்புக்குறி ஓடியது. பச்சைக்கோடும் ஓடியது. நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்து நின்றோம். பாதியில் மறுபடி துப்பியது.

ஏன் தப்பு வருகிறது என்பதுதான் இப்போது கேள்வி. மாமா அந்த சிடியை டிரெஸ்ஸிங் டேபிள் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தார். ஓரம் ஒட்டவில்லை. லேசாக நெளிந்திருந்தது. இன்னொன்றை எடுத்தார், அதுவும் அப்படித்தான். நிமிர்ந்து மர அலமாரியைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

எங்கள் தீவில் வருஷத்தில் பாதி மழை. துணியில் பூசணம் பிடிக்கும், சர்டிபிகேட்டில் பிடிக்கும், விட்டால் மனுஷனுக்கே பிடிக்கும். அதனால் எல்லோர் வீட்டு அலமாரியிலும் உள்ளே ஒரு பல்ப் எரிந்துகொண்டே இருக்கும். பல்புக்கு எவ்வளவு பக்கத்தில் ஒரு பொருள் இருக்கிறதோ அவ்வளவு மரியாதை அதற்கு. அம்மாவின் பட்டுப்புடவைகூட இரண்டடி தள்ளித்தான் இருந்தது. மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்த சிடிக்கட்டை, தம்பி கல்யாணத்துக்கு ஆகிற சாமான் என்று, அவள் பல்பை ஒட்டியே வைத்திருக்கிறாள். வாரக்கணக்கில் வெந்திருக்கிறது.

மாமா பைக்கை எடுத்துக்கொண்டு பஜாருக்குப் போனார். அரைக்கதவு திறந்திருந்த ஏதோ ஒரு கடையில் புது சிடி வாங்கி வந்தார். அது டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. டிவியில் போட்டுப் பார்த்தோம். மாமா துள்ளினார், சிரித்தார். அம்மாவும் சிரித்துவிட்டு, என்னடா கோளாறு என்று கேட்டாள். டிரைவ் பழசாகிவிட்டது, அதுதான் மக்கர் செய்தது என்றார் மாமா. எனக்குப் பொறுக்கவில்லை. வாயைத் திறந்தேன். அவர் என் தோளைப் பிடித்து அப்படியே வெளியே தள்ளிக்கொண்டு போனார்.

பைக் பக்கத்தில் வைத்து, ஏன் பொய் சொன்னீர்கள் என்று சண்டை பிடித்தேன்.

"பல்புனால கெட்டுச்சுன்னு அக்காகிட்ட சொல்லாத பாப்பா. நான் போறத தன் மனசுதான் தடுத்துருச்சுன்னு நெனச்சுக்கும்" என்றார்.

பல்புக்கும் மனசுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. பெரியவர்கள் மாட்டிக்கொண்டால் இப்படித்தான் குழப்பிவிடுவார்கள் என்று விட்டுவிட்டேன். அம்மாவிடமும் சொல்லவில்லை.

பிறகு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சிடி போய்ச் சேர்ந்தது. பெண்ணின் தகப்பனார் சிரிக்கச் சிரிக்க அதை மூன்று தரம் போடச் சொன்னாராம். கேம்பல் பேக்காரர் வந்து காப்பி குடித்துவிட்டுப் போனார். மழை விட்டதும் கல்யாணம். மாமா இன்றைக்கும் கட்சாலில்தான் இருக்கிறார். கடை ஒன்றும் பிரமாதமாக ஓடவில்லை, ஆனால் மாமனாரும் மருமகனும் சேர்ந்து போடுகிற கூத்தைப் போனில் கேட்டாலே நமக்கு வயிறு வலிக்கும்.

ஆனால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த மத்தியானம் கப்பல் ஏறுகிற ஜெட்டியில் நாங்கள் நின்றதுதான். அம்மா சிடியை இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து, டவலில் சுற்றி, பாலிதீன் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். வெயில் படக்கூடாது, தண்ணீர் படக்கூடாது, மேலே எதையும் வைக்கக்கூடாது என்று நர்ஸ் அக்காவிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, கையை நீட்டிப் பையின் ஒரு முனையைப் பிடித்தார். மாமா எங்களைப் பார்க்காமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். கப்பல் ஹாரன் அடித்தது. வரிசை நகர்ந்தது.

அம்மா பையை விடவில்லை. கொடுக்கத்தானே வந்தோம், இவளுக்கு என்ன ஆயிற்று என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. "விடும்மா, கப்பல் போயிரும்" என்று சொல்லி, அவள் விரல்களை ஒவ்வொன்றாக நானே பிரித்துவிட்டேன். நல்லவேளை, நானும் கூட வந்தேன் என்று பெருமையாக இருந்தது.