நான் நட்ட பலகை

இந்த மலாய் நாட்டில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் ஜாக்கெட்டை முன்பின்னாக மாற்றிப் போட்டுக்கொள்வார்கள். முதுகுப் பக்கம் நெஞ்சுக்கு வரும். முன்பக்கம் பின்னால் திறந்து காற்றில் அடிக்கும். வந்த புதிதில் மந்தின் சாலையில் அதைப் பார்த்து, ஏதோ அவசரத்தில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். காற்றுக்கும் தூசிக்கும் என்று பிறகு தெரிந்தது. ஒன்பது வருஷத்தில் நானும் அப்படியே போடுகிறேன். என் ஜாக்கெட் நான் வந்த வருஷம் எஸ்டேட் கொடுத்தது. முதுகில் கம்பெனி பெயர் பெரிதாக அச்சடித்திருக்கும். மாற்றிப் போட்டால் பெயர் நெஞ்சில் நிற்கும். அந்தப் பெயரால் எனக்கு நேர்ந்ததை எழுதுகிறேன். படிப்பு எட்டாவதோடு நின்றது. எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் என்னைப் போல் இன்னொருவன் சும்மா இருந்து மாட்டிக்கொள்ளக் கூடாது.

நான் சிவகங்கைப் பக்கம். அங்கே வயல் கைமாறினால் அறுக்கிற ஆள் மாறமாட்டான். புது முதலாளி முதல்நாள் வரப்பில் நின்று, யார் யார் இருக்கிறீர்கள் என்று கேட்பார். கையைத் தூக்குவோம். அவ்வளவுதான். இங்கே எண்ணெய்க்கான செம்பனைக் குலை அறுக்கிற வேலை. மூன்று வருஷத்துக்கு முன்னால் எஸ்டேட்டை விற்றார்கள். எங்கள் வேலையை மேற்பார்க்கிற மண்டோர் மணியம் அண்ணன், இந்த ஊரிலேயே பிறந்தவர், என்னைக் கூப்பிட்டார். "தம்பி, பழைய கம்பெனிப் பேர்ப் பலகையப் புடுங்கிட்டுப் புதுசு நடணும். ஆழமாத் தோண்டு. லோரி இடிச்சாலும் சாயக் கூடாதுலா." தொடை ஆழம் தோண்டினேன். சிமெண்ட் போட்டு நிறுத்தினேன். தள்ளி நின்று பார்த்தேன். நேராக இருந்தது. மறுநாள் அதே லயன் வீட்டிலிருந்து அதே மரங்களுக்குப் போனேன். வருஷம் ஒரு தடவை மருத்துவச் சோதனைக்கு ஏற்றிப் போய் ரத்தம் எடுப்பார்கள். எஸ்டேட் கைமாறிய பிறகு கூப்பிடவில்லை. ஊசி இல்லை என்று சந்தோஷப்பட்டேன். கையிலிருந்த வேலை பெர்மிட் அட்டையில் தேதி முடிந்தது. ஆபீசில் கேட்டேன். "புரோசெஸ்" என்றார்கள். அதற்கு மேல் கேட்கவில்லை. பாஸ்போர்ட் அவர்கள் பெட்டியில் இருந்தது.

போன மாதம் ஊரில் என் மனைவிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று தேதி குறித்தார்கள். ஒரு மாத லீவு கேட்கப் போனேன். ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணி வேலைக்கு ஜெயா அக்கா வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. பாஸ்போர்ட்டை எடுத்துப் புரட்டினார். ஒரு பக்கத்தில் கை நின்றது. மறுபடியும் முதலிலிருந்து புரட்டினார்.

"தம்பி, ஒக்காரு."

"பரவால்லக்கா, சேறா இருக்கு."

"ஒக்காருன்னா ஒக்காரு. ஒன் பெர்மிட் செத்துப் போயி ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சு."

"நான் எங்கயும் போகலியேக்கா."

"நீ போகல. கம்பெனி போயிருச்சு. பெர்மிட்ல பழைய கம்பெனி பேருதான். அவன் ஒன்ன ஒப்படைக்காமப் போயிட்டான். இவன் ஒன்னப் பதிஞ்சுக்கல. கவர்மெண்ட்டப் பொறுத்தவரைக்கும் நீ ஓடிப்போன ஆளு."

 குனிந்து காலைப் பார்த்தேன். அதே பூட்ஸ். அதே மண். இரண்டு வருஷமாகத் தினமும் ஆள் கணக்கெடுக்கிற காலைப் பெரட்டில் என் பெயரைக் கூப்பிட்டார்கள், நானும் குரல் கொடுத்தேன். அந்தக் குரல் யாருடையது என்று தோன்றியது. வெளியே லோபாக் பக்கம் கடைக்குப் போனது, மம்பாவ் ஊர்க் கோயிலுக்குப் போனது எல்லாம் நினைவுக்கு வந்தது. வழியில் ஒரு போலீஸ் நிறுத்தியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். பயப்படாமல் திரிந்திருக்கிறேன். 

அக்கா கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். "புடிச்சா தடுப்புக் கேம்ப்பு, அப்பறம் கோர்ட்டு. நீ ஒழுங்கா விசாவுல வந்தவன், திருட்டுத்தனமா நொழையல. அதனால ரோத்தான் பிரம்படி இருக்காது. ஜெயில் இருக்கு. மொதலாளி மனசு வச்சா, பதியுற திட்டம் தெறந்திருக்கிறப்போ ஒன்னப் பதியலாம். நீயாப் போயிப் பதிய முடியாது. பழைய கம்பெனி மேல லேபர் ஆபீஸ்ல புகார் கொடுக்கலாம். கேஸ் முடியுறவரைக்கும் தங்க மாசா மாசம் பாஸ் கேக்கலாம், கொடுத்தாத்தான் உண்டு. அதுல வேலை செய்ய முடியாது, ஊருக்கும் போக முடியாது. இன்னொண்ணு, நீயே இமிகிரேஷன்ல போயி நின்னு, அபராதம் கட்டிட்டு, டிக்கெட்டோட வீட்டுக்குப் போறது. இப்ப அது நடக்குது, எப்ப மூடுவாங்கன்னு தெரியாது. ஜெயில்ல அடைக்க மாட்டாங்க. ஆனா பேரு கறுப்புப் பட்டியல்ல ஏறும். திரும்பி வர வருசக்கணக்காகும். வர முடியாமலும் போகலாம்."

மேனேஜரிடம் கேட்டோம். வெளிநாட்டு ஆள் எண்ணிக்கை நிரம்பிவிட்டது, பதிய முடியாது என்றார். பிறகு, சத்தம் போடாமல் வேலை செய், எஸ்டேட்டை விட்டு வெளியே போகாதே என்று சிரித்தபடி சொன்னார். அவர் சிரித்தது கோபத்தை விட மோசமாக இருந்தது. அன்று மாலை மனைவியிடம் போனில் சொன்னேன். "வந்துட்டா, அப்புறம் எப்பப் போவீங்க?" என்றாள். முதலில் அபராதம் கட்டிவிட்டு வந்துவிடுகிறேன் என்றேன். மறுநாள் ஜெயா அக்காவிடம் பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கினேன்.

சிரம்பான் இமிகிரேஷன் ஆபீசுக்கு மணியம் அண்ணன் மோட்டாரில் கூட்டிப் போனார். ஆபீஸ் வாசலில் ஒருவன் ஓடி வந்து, பாஸ்போர்ட்டைக் கொடு, நான் முடித்துத் தருகிறேன் என்றான். கொடுக்காதீர்கள். நேரே கவுண்டருக்குப் போங்கள். உள்ளே மலாய்க்கார அதிகாரி, ஓடிப்போய் எத்தனை வருஷம் என்று கேட்டார். "ஓடவில்லை துவான், அங்கேயேதான் இருக்கிறேன்" என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்றார். முதலாளி யார் என்று கேட்டார்.  கையில் மடித்து வைத்திருந்த பழைய கம்பெனி ஜாக்கெட்டை விரித்துக் காட்டினேன். அவர் அந்தப் பெயரைக் கணினியில் தட்டிப் பார்த்தார். தலையை ஆட்டினார். அப்படி ஒரு கம்பெனி இப்போது இல்லை என்றார். அபராதத்தைக் கட்டச் சொல்லி, விரலை வைக்கச் சொன்னார். வைத்தேன்.

திரும்பும்போது அண்ணன் எஸ்டேட் முகப்பில் மோட்டாரை நிறுத்தினார். இறங்கிப் போய்ப் பலகைக் காலை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். அசையவில்லை.

"என்னாய்யா இது, இப்படி நட்டு வச்சிருக்க," என்றார்.

"நீங்கதானண்ணே ஆழமாத் தோண்டச் சொன்னீங்க."

எப்போதும் ஏதாவது பேசி வாயடைக்கிற அண்ணன்  கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஏறினார்.

இன்னும் ஆறு நாள். ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்னால் வீட்டில் இருப்பேன். பை கட்டிவிட்டேன். ஜாக்கெட்டை மட்டும் எடுத்து எடுத்து வெளியே வைக்கிறேன். ஊரில் யாரும் இதை மாற்றிப் போட்டு வண்டி ஓட்டுவதில்லை. போட்டால் சிரிப்பார்கள். நேராகத்தான் போட வேண்டும். அப்போது பெயர் முதுகுக்குப் போய்விடும். என் கண்ணுக்குத் தெரியாது. பின்னால் வருகிறவர்கள் படித்துக்கொண்டே வருவார்கள்.