கோப்ரா ராணிக்குக் கை தட்டியவர்கள்

நேற்று சாக்கர் ஆடிக் கால் சுளுக்கி வந்த சின்னவளுக்குத் தைலம் தேய்த்தேன். "அப்பா, திஸ் ஸ்டிங்க்ஸ்!" என்று நீங்கள் எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினீர்கள். எனக்கோ மாலினி ஞாபகம் வந்துவிட்டது. அவள் வந்தால் இந்த வாடைதான் முதலில் வரும், ஆள் பின்னால்தான்.

நீங்கள் பிறப்பதற்கு முந்தைய கதை. நான் பிளெய்ன்ஸ்பரோ ஊரில் கேட்டரிங் வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். இட்லி ட்ரேயோடு மாடி மாடியாக ஏறி இறங்கியதில் எல்லா ஆன்ட்டிகளும் பழக்கம். அவர்களில் விஜயா ஆன்ட்டியின் மகள்தான் மாலினி. வாரம் முழுக்க மருந்துக் கம்பெனியில் வேலை, சனிக்கிழமையானால் மல்யுத்தம். டிவியில் பார்ப்பீர்களே, கயிறு கட்டிய மேடை, பளபள உடுப்பு, அதுதான். யார் ஜெயிப்பது என்று முன்பே பேசி வைத்திருப்பார்கள். ஆனால் விழுகிற அடி அடிதான். அதற்குத்தான் தைலம்.

அவளுக்குப் பெண்களைத்தான் பிடிக்கும். அதை அவள் ஒளித்ததே இல்லை. கோயில் வாசலில் ஓர் ஆன்ட்டி "கல்யாணம் எப்போம்மா?" என்று கேட்க, "ஆயிடுச்சு ஆன்ட்டி, இவதான்" என்று பக்கத்தில் நின்ற டேனாவைக் காட்டினாள். ஆன்ட்டி டேனாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எந்த கம்பெனி?" என்றார்.

விஜயா ஆன்ட்டி மட்டும் மகளோடு பேசுவதில்லை. டேனாதான் காரணம் என்று நாங்களாகவே முடிவு கட்டியிருந்தோம்.

ஒருநாள் டேனா சேதி சொன்னாள். டெக்சஸிலிருந்து பெரிய மல்யுத்தக் கம்பெனிக்காரர் ஒருவர் மாலினியைப் பார்க்க வருகிறாராம். பிடித்துவிட்டால் இதுவே முழுநேர வேலை. உடனே நான் என்ன செய்தேன்? வேன் நிறைய ஆன்ட்டிகளை ஏற்றிக்கொண்டு போனேன், விஜயா ஆன்ட்டியையும் கெஞ்சி இழுத்துக்கொண்டு. நம்ம வீட்டுப் பெண் மேடை ஏறினால் நமக்குத் தெரிந்தது அரங்கேற்றம் ஒன்றுதானே? பட்டுப்புடவை, பூங்கொத்து, முன்வரிசை.

மாலினி 'கோப்ரா ராணி' என்ற பெயரில் வந்தாள். வந்ததுமே எதிராளியின் முடியைப் பிடித்து இழுத்தாள். நாங்கள் கை தட்டினோம். ரெஃபரிக்குத் தெரியாமல் கண்ணில் குத்தினாள். "சபாஷ்!" என்றேன். சுற்றியிருந்த அமெரிக்கர்களும் குழம்பிப்போய், மரியாதைக்குக் கூடவே தட்டினார்கள்.

டேனா குனிந்தபடி ஓடி வந்தாள். "அண்ணா, நோ கிளாப்! மாலினி வில்லன்! திட்டணும். திட்டினாதான் ஜாப்!"

டெக்சஸ்காரர் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆன்ட்டிகளுக்கோ திட்ட மனம் வரவில்லை. "பெத்தவள பக்கத்துல வெச்சுக்கிட்டு எப்படிப்பா திட்டறது?" என்று ஒருவர் முணுமுணுத்தார்.

விஜயா ஆன்ட்டி எழுந்தார்.

"ஏய் எருமை! அந்தப் பொண்ணோட முடிய விடுடி! ஒரு போன் பண்ணிச் சொன்னியா நீ? கோர்ட்ல போய் கல்யாணம் பண்ணிட்டு, மூணு மாசம் கழிச்சு அம்மாவுக்கு மெசேஜ் அனுப்பறவதானே! டேனாவக் கட்டிக்கிட்டே, சரி, கட்டிக்கோ! என்னையக் கூப்பிட்டிருந்தா ஒரு பாயசமாவது வெச்சிருக்க மாட்டேனா?"

 இத்தனை நாள் கோபம் இதற்குத்தானா!

மாலினி பிடித்திருந்த முடியை விட்டாள். பிறகு கயிற்றின்மேல் ஏறி, இடுப்பில் கை வைத்து, "போம்மா! வாய மூடு!" என்றாள். கண்ணில் தண்ணீர், உதட்டோரம் சிரிப்பு.

அம்மாவை எதிர்த்துப் பேசுகிறாள் என்று விளங்க எந்த நாட்டுக்காரருக்காவது பாஷை வேண்டுமா? ஹாலே ஊளையிட்டது. ஆன்ட்டிகளுக்கும் துணிச்சல் வந்துவிட்டது. "அடங்காப்பிடாரி!" "வாயப் பாரு, வாய!" டெக்சஸ்காரர் தானும் எழுந்து நின்று கத்தினார்.

வேலை கிடைத்தது. மாலினியும் டேனாவும் டெக்சஸில் உள்ள பிளானோவுக்குப் போனார்கள். விஜயா ஆன்ட்டியும் பின்னாலேயே போய்விட்டார். அங்கே ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்வரிசையில் உட்கார்ந்து திட்டுவதாகக் கேள்வி.

அந்த ஹாலை இடித்து அர்ஜென்ட் கேர் ஆஸ்பத்திரி கட்டிவிட்டார்கள். மற்ற ஆன்ட்டிகள் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள குபெர்டினோ, அது இது என்று சிதறிப்போனார்கள். இப்போதும் விழாக்களுக்குப் போகிறோம், எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவாகக் கை தட்டிவிட்டு வருகிறோம். ஒரு பெண் நன்றாக வர வேண்டுமென்று அத்தனை பேர் சேர்ந்து தொண்டை கட்டும்வரை திட்டிய சத்தத்தை அப்புறம் நான் எங்கும் கேட்கவில்லை.