நடுவில் ஓர் ஆறு

தையல்காரிக்குக் கையைவிட வாய் வேகம். சட்டை தைக்கக் கொடுத்தவர்களுக்கு நாலு வீட்டுச் சேதியும் இனாம். ஒரு பேச்சை மட்டும் எடுக்கக் கூடாது: அக்கா. எடுத்தால், "நடுவுல ஆறு இருக்கே, எப்படிப் போறது?" என்பாள். அதோடு சரி.

ஆறும் லேசுப்பட்டதா? மலையில் மூன்று ஓடைகள் கூடி, பாறை இடுக்கில் அலறிக்கொண்டு இறங்கி, சமவெளிக்கு வந்ததும் கூழாங்கற்களைப் பரப்பிவிட்டுக் காலை நீட்டிப் படுத்துக்கொள்ளும். மேலே மில்லுக்கு மின்சாரம், கீழே தோட்டங்களுக்குத் தண்ணீர், எல்லாம் அதன் தயவு. இந்தக் கரையில் தங்கை, எதிர்க்கரையில் அக்கா. சன்னலைத் திறந்தால் அக்கா வீட்டுக் கொடியில் காயும் துணி தெரியும். மேற்கே பாலமும் இருந்தது, பஸ்ஸில் ஒரு மணி நேரம். அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவளும் வாயைத் திறக்கவில்லை.

சண்டை அம்மாவின் தையல் மெஷினால் வந்தது. அக்கா பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தங்கை அதை அவள் வீட்டிலிருந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். பிறகு அத்தான் இறந்தபோதும் போகவில்லை. கொடியில் அவர் சட்டை காயாததைச் சன்னலில் நின்று பார்த்து அழுதாள். அழுது என்ன பிரயோசனம்? வீம்பு விட்டால்தானே!

போன மழையில் மலை சரிந்தது. வழி அடைபட்ட ஆறு, கிடைத்த பள்ளத்தில் புகுந்து தங்கை வீட்டுக்குப் பின்பக்கமாக ஓட ஆரம்பித்தது. வெள்ளம் வடிந்து பார்த்தால், அவள் வீடு அக்கா கரையோடு சேர்ந்திருந்தது. நடுவே வெறும் கல். கூப்பிட்டால் கேட்கிற தூரம். இனி எந்தச் சாக்கைச் சொல்வது? தையல்காரி சன்னலைச் சாத்திவிட்டாள்.

ஒருநாள் காலையில் கதவைத் தட்டியது அக்காதான். கையில் ஒரு துணி.

"சட்டை தைக்கணும். அளவு எடு."

"உன் அளவு எனக்குத் தெரியாதா?" என்றாள் தங்கை விறைப்பாக.

"எடுன்னா எடுடி."

டேப்பைச் சுற்றினாள். பழைய அளவு எங்கேயோ நின்றது, டேப் எங்கேயோ நின்றது.

"என்னக்கா, பாதியாயிட்ட?"

"அவர் போனதுலேர்ந்து இப்படித்தான். நீ வருவேன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்."

"நடுவுல ஆறு..." பழக்கதோஷம், வாய் முந்திவிட்டது.

அக்கா அப்போதுதான் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள். "பாலம் எங்கடி போச்சு?"

தையல்காரி டேப்பைச் சுருட்டினாள், பிரித்தாள். அக்காவே சொன்னாள்: "நான் மட்டும் என்ன ஒழுங்கா? பாலம் வரைக்கும் வந்து, பஸ்ஸ விட்டு இறங்கித் திரும்பிப் போயிருக்கேன்."

தங்கை டேப்பைக் கீழே போட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அடுத்த மழைக்கு ஆறு பழைய வழிக்கே திரும்பிவிடும் என்று ஊரில் பேச்சு. திரும்பட்டுமே. தையல்காரி பாலத்துப் பஸ் எத்தனை மணிக்கு என்று இப்போதே கேட்டு வைத்திருக்கிறாள்.