எலி நீந்திய திசை

ஒன்பது வருடமாகத் தினக்கூலி. தெற்கு தில்லியில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தின் எலி அறையைப் பார்த்துக்கொண்டவள் இந்திராணி. தமிழர்கள் குடியிருக்கும் மதராசி கேம்ப்பிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, வாட்ச்மேன் பூட்டைத் திறக்கும்போதே வாசலில் நிற்பாள். நாற்பது எலிகளையும் முகம் பார்த்தே சொல்லிவிடுவாள். காதில் குத்திய எண்ணைத் தேடுவது ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் வாசுதேவன்தான்.

2001-இல் அவர் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது ஒரு சீனக் கஷாயம். வயதானவர்களின் மறதிக்கு அந்த நாட்டில் காலங்காலமாகக் கொடுப்பது. நிஜமாகவே கேட்கிறதா என்று கிழ எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும். வேர்ப்பொடிப் பொட்டலத்தைப் பிரித்ததும் இந்திராணி மோந்து பார்த்தாள்.

"வசம்பு மாதிரி அடிக்குது சார். எங்க பக்கம் புள்ளைங்களுக்குப் பேச்சு வரணும்னு நாக்குல தடவுவாங்க."

"அதோட பங்காளிதான். நாம குழந்தைக்குக் குடுக்கறோம், அவங்க கிழவனுக்குக் குடுக்கறாங்க."

இருபது எலிக்குக் கஷாயம், இருபதுக்கு வெறும் தண்ணீர். சிரிஞ்சால் வாயோரம் விடுவது இந்திராணி. பிறகு, பால்பவுடர் கலக்கிய தொட்டியில் ஒவ்வொன்றாக நீந்த விடுவார்கள். கலங்கிய தண்ணீருக்குள் ஒரு சின்ன மேடை மறைந்திருக்கும். நேற்று அது எங்கே இருந்தது என்று நினைவு வைத்திருக்கும் எலி சீக்கிரம் போய் ஏறிக்கொள்ளும். வாசுதேவன் நேரம் குறிப்பார். மேடைப் பக்கம் துண்டோடு நிற்கும் இந்திராணி எலியைத் தூக்கித் துடைப்பாள்.

ஆறு வாரத்தில் கஷாயம் குடித்த கிழங்கள் குட்டிகளைப் போலப் பாய்ந்தன. வாசுதேவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"ரிப்போர்ட் போகட்டும் இந்திராணி. கூடவே உங்கள பர்மனென்ட் பண்ணச் சொல்லி லெட்டரும் போகுது. இந்த ரிசல்ட்ட பாத்துட்டு மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க."

அடுத்த வாரம் அவள் நிற்கும் இடத்தில் குழாய் ஒழுகியது. எதிர்ப்பக்கம் போய் நின்றாள். தொட்டியில் விட்ட கஷாய எலி மேடையை விட்டுவிட்டு நேராக அவளிடம் நீந்தி வந்தது. அடுத்ததும் அப்படியே. தண்ணீர் எலிகள் எப்போதும்போல அங்குமிங்கும் தேடிக்கொண்டிருந்தன.

"இன்னிக்கு இதுங்களுக்கு மூடு சரியில்ல" என்றார் வாசுதேவன்.

இந்திராணிக்குப் புரிந்துவிட்டது. கசப்பு மருந்து குடித்த பிள்ளைக்கு உடனே வாயில் இனிப்பு வைப்பது அவள் கை தானாகச் செய்யும் காரியம். கஷாயம் குடித்து முகம் சுளிக்கும் எலிக்கும் ஒரு கிள்ளு வெல்லம் வைத்துவந்தாள். தண்ணீர் குடித்தவற்றுக்கு என்ன கசப்பு? அவற்றுக்கு வைத்ததில்லை. இத்தனை நாளும் கஷாய எலிகள் மேடையைத் தேடவில்லை, வெல்லம் வைக்கும் கையைத் தேடியிருக்கின்றன.

அன்று பஸ்ஸில் தன் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டாள். நாளைக்குக் குழாய் சரியாகிவிடும். பழைய இடத்திலேயே நின்றால் ஒருவருக்கும் தெரியாது, வேலையும் நிலைத்துவிடும். ஆனால் அந்த ரிப்போர்ட்டை நம்பி யாரோ தங்கள் வீட்டுக் கிழவருக்கு அந்தக் கஷாயத்தைக் காய்ச்சிக் கொடுப்பார்களே.

மறுநாள் வந்ததும் வெல்லக் கதையைச் சொன்னாள். வாசுதேவன் அவளைத் தொட்டியைச் சுற்றி மூன்று இடங்களில் நிற்கவைத்துப் பார்த்தார். மூன்று இடத்துக்கும் கஷாய எலிகள் வந்தன. அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க சொல்லலேன்னா இது யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"எலிக்குத் தெரியுமே சார்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "அந்த லெட்டர் இப்ப போகாது. தெரியுமில்ல?"

"தெரிஞ்சுதான் சார் வந்தேன்."

புதிதாக நாற்பது கிழ எலிகள் வந்தன. இந்தமுறை எல்லாவற்றுக்கும் வெல்லம். நீச்சல் நேரத்தில் இந்திராணி அறைக்கு வெளியே, நடைக்கூடத்தில். பர்மனென்ட் ஆகிறவர்களின் பட்டியல் அந்த வருடம் அவள் பெயர் இல்லாமலே போனது. அந்தச் செய்தி வந்த அன்றும் அவள் ஒரு கூண்டைக்கூடக் கழுவாமல் விடவில்லை.

மூன்று மாதம் கழித்து, கடைசி நீச்சல் முடிந்ததும், வாசுதேவன் கதவைத் திறந்துகொண்டு அவள் நின்ற இடத்துக்கு வந்தார், கையில் தாளோடு.

"வித்தியாசம் இருக்கு. ஆனா ரொம்பக் கொஞ்சம்."

"கொஞ்சமோ நஞ்சமோ, அது மருந்தோடதுதான சார்?"

"ஆமா. மருந்தோடதுதான்."

"அப்பன்னா அத எழுதுங்க" என்று சொல்லிவிட்டு, ஈர எலிகளைத் துவட்ட உள்ளே போனாள்.