அண்டாவில் இருந்த அம்மா பெயர்

தேயிலைத் தோட்டத்து மக்களுக்கு மிகுந்த பணிவுடன் அறிவிப்பது: கடந்த செவ்வாய்க்கிழமை முதல் எங்கள் பன்வில–கண்டி பஸ்ஸில் டிக்கெட் எடுக்கும் பெண்கள் தங்கள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை.

கொண்டக்டர் மாறிவிட்டார். பழையவர் தங்கராஜ் அண்ணன் திங்கட்கிழமை மாரடைப்பில் போய்விட்டார் என்று டிரைவர் சொன்னபோது, ஸ்கூல் பையோடு படியிலேயே நின்றுவிட்டேன். பஸ்ஸில் ஏறும் பெண்களிடமெல்லாம் அண்ணன் கேட்பது இதுதான்:

"அக்கா, பொறந்த வீட்டுப் பேரு என்ன? புகுந்த வீட்டுப் பேரு என்ன? எந்த வருஷம் கல்யாணம்?"

"பஸ்ஸுல ஏறினா ஜாதகமும் பார்ப்பியாடா?"

சிரித்துக்கொண்டே கொப்பியில் எழுதுவார். முன்பெல்லாம் மருமகள் பெயர் புகுந்த வீட்டுப் பெரியவர்கள் பெயரோடு மோதினாலும், ராசியில்லை என்று தோன்றினாலும் மாற்றிவிடுவார்களாம். "தோட்டத்துல ஆள் பேரு பதியிற செக்ரோல் புகுந்த வீட்டுப் பேரைத்தான் சொல்லும். பொறந்த வீட்டுப் பேரு சீர்ப் பாத்திரத்துல வெட்டின எழுத்துலதான் இருக்கும்" என்பார்.

அவருடைய அம்மாவுக்கும் அதே கதை. 'பாக்கியம்' புகுந்த வீடு வைத்த பெயர். அண்ணன் சிறுவனாக இருந்தபோதே அம்மா இறந்துவிட்டார். பிறந்த வீட்டார் அதற்கு முன்பே இந்தியாவுக்குப் போய்விட்டார்கள்; அசல் பெயரைச் சொல்ல ஆளில்லை. இரண்டு வருடத்துக்கு முன் அண்ணனுக்கு மகள் பிறந்தாள். முப்பத்தோராம் நாள் பெயர் வைக்க வேண்டும்.

"எங்கம்மா பேருதான். அசல் பேரு!"

"அதுவரைக்கும் புள்ளைய டிக்கெட் நம்பர் சொல்லிக் கூப்பிடவா?" என்றார் அண்ணி.

முப்பதாம் நாள் கோயிலில் அன்னதானம். இந்தியா போனவர்கள் விட்டுச்சென்ற பாத்திரங்கள் அங்கேதான். அண்ணன் எல்லாவற்றையும் முன்பே பார்த்துவிட்டார். கல்யாண வீட்டுக்கு இரவல் போன ஓர் அண்டா மட்டும் அன்றுதான் திரும்பி வந்தது. அதைக் கவிழ்த்த மகான் யார்? அடியேன்! கழுத்துப் பக்கம் புள்ளி புள்ளியாக எழுத்து: 'முனியாண்டி மகள் பூங்காவனம் சடங்குக்கு.' முனியாண்டி, அண்ணனின் தாய்வழித் தாத்தா. அவருக்கு ஒரே மகள்.

"எங்கம்மா பூங்காவனம்டா!" அண்ணன் போட்ட சத்தத்தில் பூசாரி மணியடிப்பதை நிறுத்திவிட்டார். மறுநாள் குழந்தையின் காதில் மூன்று முறை அதே பெயர். பேராதனையில்தான் பூங்கா என்று நினைத்திருந்தோம். எங்கள் லயத்து வீட்டு வரிசைக்கும் ஒன்று வந்தது.

லயமே 'பூங்கா' என்று சுருக்கினாலும் நான் 'பூங்காவனம்' என்றுதான் கூப்பிடுகிறேன். எந்தப் பெண்ணின் பெயரையும் முழுசாகச் சொல்வது, அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது. கண்டுபிடித்தவனுக்கு அந்த உரிமைகூட இல்லையா?

சரி, சொல்லிவிடுகிறேன். நான் அண்டாவைக் கவிழ்த்தது மேளம் தட்ட. காது கிழியுது என்று அகப்பையோடு அடிக்க ஓடிவந்த அண்ணன்தான் எழுத்தைக் கண்டார். அவர் அழுதுகொண்டே படித்தபோது நான் விறகுக் கட்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன்.