நானே எடுத்துக் கொடுத்த சாவி

எங்கள் பக்கம் அறுவடை முடிந்தால் நெல்லை ரோட்டில்தான் காயப்போடுவோம். அன்று நெல்லுக்குக் காவல் நான். பஸ்ஸில் வேலைக்குப் போன மகன் மோட்டார் பைக்கை அங்கேயே பூட்டி, சாவியை என்னிடம் கொடுத்திருந்தான். சக்கரத்துக்கு நன்னிலத்தில் வாங்கிய தனிப் பூட்டு, அதன் சாவியும் வண்டிச் சாவியோடு ஒரே வளையத்தில். அதன் பெருமையைப் போகிற வருகிறவர்களிடமெல்லாம் அளப்பேன், என் வாய் அப்படி!

நெல் கிளறும் அந்தோணி கஞ்சி குடிக்கப் போயிருந்தபோது, ஒரு வெள்ளைச் சட்டைக்காரன் வந்து நின்றான்.

“வண்டிக்கு அடியில நெல்லு காயலியேம்மா. நகத்தி வைக்கவா?”

என்ன அக்கறை என்று பூரித்துப்போய்ச் சாவியைக் கொடுத்தேன். நகர்த்தினான், நகர்த்தினான், பாலத்தையே தாண்டிவிட்டான்.

மகனிடம் உண்மையைச் சொல்ல வெட்கம். “கண்ணசந்துட்டேம்பா, மடியில இருந்த சாவியக் காணோம்” என்றேன். அவன் புகார் கொடுக்க, பக்கத்தில் இருந்தவன் அந்தோணிதானே என்று போலீஸ் அவனை ஸ்டேஷனில் உட்காரவைத்தது. சாயங்காலம்தான் அங்கே நடந்தே போய், “சாவிய நாந்தாங்க குடுத்தேன்” என்றேன்.

வெளியே வந்த அந்தோணி, “மத்தியானமே சொல்லியிருந்தா எம் பொண்டாட்டி இந்த வாசல்ல நின்னு அழுதிருக்க மாட்டாம்மா” என்றான். அவ்வளவுதான்.

வண்டி கிடைக்கவில்லை, போகட்டும். அந்தோணி இப்போதும் வேலைக்கு வருகிறான். ஆனால் நான் கொஞ்சம் கண்ணயர்ந்தால் போதும், கிளறுவதை விட்டுவிட்டுத் தூரத்துப் புளியமரத்தடியில் போய் நின்றுகொள்கிறான். நான் எழுந்த பிறகுதான் கிட்டே வருகிறான்.

அதனால் எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் நான் கண்ணை மூடுவதில்லை.