ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருகிறார்கள்

வாடகைக்கோ விலைக்கோ எந்த வீட்டைப் பார்க்கப் போனாலும் என் கண் முதலில் சுவருக்குத்தான் போகும். காலண்டர் மாட்டியிருந்தால் அதைத் தூக்கி, பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் இருக்க என்னால் முடியாது. கூட வருகிறவர்கள் நான் விரிசல் தேடுகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். கெட்டிக்காரி என்று பெயர். நானும் மறுப்பதில்லை.

எனக்கு எட்டு வயதாகும்போது மேற்கு மாம்பலத்தில், மின்சார ரயில் போனால் அலமாரியில் டம்ளர் அதிரும் ஒரு தெருவில், இரண்டாவது மாடியில் எங்கள் வீடு இருந்தது. அந்த வருஷம் தீபாவளி கழிந்த சில நாளில், ஹால் ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்த அப்பா, கையில் வாங்கிய காபி ஆறுவதற்குள் போய்விட்டார். வங்கிக் கடனில் வாங்கிய வீடு. அவர் சம்பளம் நின்றதும் கடன் தவணையும் நின்றது. கோடைக்குள் விற்காவிட்டால் வங்கியே எடுத்துக்கொள்ளும் என்று அம்மாவின் அண்ணன், என் மாமா, சொன்னார். வீடு அம்மா பேரில் இருந்ததால் விற்பதில் சிக்கல் இல்லை. விற்றபின் நாங்கள் மாமா வீட்டு மாடி அறைக்குப் போவதாக ஏற்பாடு.

முதலில் வந்த தம்பதிக்கு வீடு பிடித்துத்தான் இருந்தது. தண்ணீர் எப்படி வரும், லிஃப்ட் எப்போது ரிப்பேர் ஆகும் என்றெல்லாம் உரிமையோடு கேட்டார்கள். பிறகு அந்தப் பெண், மாலை போட்ட அப்பா படத்தைப் பார்த்தாள். "ஆஸ்பத்திரியிலயா?" என்று மெதுவாகக் கேட்டாள். அம்மாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. "இல்லைங்க, இங்கதான். இந்த நாற்காலியில" என்றாள். அவர்கள் செருப்பைச் சரியாகக்கூட மாட்டிக்கொள்ளாமல் படியிறங்கினார்கள்.

வீடு காட்ட வந்த தரகர், மாமாவைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னா சார் நீங்க? மாலை போட்ட போட்டோவ நடு ஹால்ல மாட்டிக்கினு வீடு விக்கணும்னா எப்டி? ஜனம் டைல்ஸா பாக்குது? ராசி பாக்குது சார். மொதல்ல அத எடுங்க. அம்மாவ பூ, பொட்டு வெச்சிக்கினு நிக்க சொல்லுங்க. சாரு ஊருக்குப் போயிக்கீறாருன்னு ஒரு வார்த்த, மேட்டர் முடிஞ்சிது" என்றார். மாமாவுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் தரகர் டீ குடித்து முடிக்கும்வரைகூடத் தாங்கவில்லை.

சனிக்கிழமை மாமா வந்து வீட்டைத் தயார் செய்தார். குளியலறை ஓதத்தின் மேல் பெயிண்ட் அடித்தார். ஹாலில் அப்பா படத்தைக் கழற்றினால், அது இருந்த இடத்தில் மட்டும் சுவர் புதுசாக இருந்தது. அதன்மேல் ஒரு ஜவுளிக்கடை முருகன் காலண்டரை மாட்டினார். படம் துணியில் சுற்றப்பட்டுப் பீரோவுக்குள் போயிற்று. பிறகு பரண்மேல் ஏறி அப்பாவின் தோல் செருப்பைத் தேடி எடுத்து, துடைத்து, வாசலில் வைத்தார். "பாக்கறவங்களுக்கு வீட்ல ஆம்பள இருக்கார்னு தெரியணும்" என்றார். ஏதாவது ஒரு சட்டையும் பால்கனிக் கொடியில் தொங்கினால் நல்லது என்றார். அம்மா அப்பாவின் நீலக் கோடு போட்ட சட்டையைத் துவைத்துப் போட்டாள்.

மல்லிகைப்பூப் பொட்டலத்தை மாமா அம்மா கையில் கொடுக்கவில்லை. மேசைமேல் வைத்துவிட்டு, பால்கனிக்குப் போய் யாருடனோ போனில் பேசினார். அந்தப் பக்கம் யாருமே இல்லை. போன் அணைந்திருந்ததை நான் பார்த்தேன். பொட்டலத்துக்குப் பக்கத்தில் அவர் வைத்த மஞ்சள் கயிற்றை மட்டும் அம்மா தொடவே இல்லை. மறுநாள் காலையில் கழுத்தைப் புடவைத் தலைப்பால் போர்த்திக்கொண்டு, பூவும் குங்குமமும் வைத்துக்கொண்டு அறையிலிருந்து வந்தாள். அடடா, எனக்கு வந்த சந்தோஷம்! எத்தனை மாதம் கழித்து என் அம்மாவைப் பார்க்கிறேன்! ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். பூ கசங்கும் என்று மாமா என்னைப் பிடித்து இழுத்தார்.

எனக்கும் பாடம் சொல்லித் தரப்பட்டது. அப்பா எங்கே என்று கேட்டால், ஊருக்குப் போயிருக்கார். அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கத் திணறுகிற நான் இதைப் பிசகாமல் சொன்னேன். வந்தவர்கள் கன்னத்தைத் தட்டினார்கள், அம்மா காபி கொடுத்தாள், தரகர் காலண்டர் பக்கம் திரும்பாமல் பேசினார். ஆனால் வீடு அன்று விற்கவில்லை. சமையலறை சின்னது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் ஆட்கள் வந்தார்கள். அம்மா தேறிக்கொண்டே போனாள். முதலில் "ஊருக்குப் போயிருக்கார்" என்று மட்டும் முணுமுணுத்தவள், பிறகு எந்த ஊர் என்று சொன்னாள். பிறகு ரயிலில் அவருக்குத் தூக்கமே வராது என்றாள். "இந்த ஜன்னல்கிட்ட உக்காந்தாத்தான் அவருக்குக் காபி எறங்கும். தள்ளிப் போட்டா சண்டைக்கு வருவார்" என்று சொல்லிச் சிரித்தாள். சனிக்கிழமைகளில் மாமா சொல்லாமலேயே சட்டை துவைத்தாள். காய்ந்ததும் இஸ்திரி போட்டு மடித்தாள். பொய் சொல்லத் தெரியாத அம்மா எங்களை எல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிட்டாளே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீடு விற்காமலேயே போக வேண்டும், ஞாயிறுதோறும் அம்மா இப்படியே இருக்க வேண்டும் என்று அந்த முருகனையே வேண்டிக்கொண்டேன்.

பங்குனி மாசத்தில் ஒரு ஞாயிறு, திருவான்மியூரிலிருந்து ஒரு அம்மாள் கணவரோடு வந்தார். பெண்ணை மாம்பலத்தில் கொடுத்திருந்ததால் பக்கத்தில் வீடு தேடினார்கள். எல்லாம் பிடித்துப்போயிற்று. விலைக்கும் ஒப்புக்கொண்டார்கள். மாமாவின் முகம் மலர்ந்து தரகர் எழுந்து நின்றபோது, அந்த அம்மாள் கையை உயர்த்தினார். "ஆம்பள ஊர்ல இல்லாதப்ப அட்வான்ஸ் குடுக்கிறது எங்க பழக்கமில்ல. சார் என்னைக்கும்மா வர்றாங்க?"

"வெள்ளிக்கிழமை வந்துடுவார்" என்றாள் அம்மா, யோசிக்காமல்.

"நல்ல நாளாப் போச்சு. அன்னைக்கே வந்து அவங்க கையிலயே குடுத்திடுறோம்."

அவர்கள் போனதும் மாமா குதித்தார். "உன்ன யாரு நாள் சொல்லச் சொன்னது? இப்ப நான் யாரக் கூட்டிட்டு வந்து நிறுத்துவேன்?"

"கேட்டாங்கண்ணா, சொல்லிட்டேன்" என்றாள் அம்மா.

செத்தவர்கள் திரும்ப மாட்டார்கள் என்று எனக்குத் தெரியாமலில்லை. எட்டு வயதில் அது தெரியும். இருந்தாலும் இத்தனை பெரியவர்கள் சேர்ந்து ஒரு நாளைக் குறிக்கிறார்கள் என்றால் அதில் ஏதோ இருக்கும் என்று பட்டது. வெள்ளிக்கிழமை பள்ளிவிட்டு வந்தபோது வீடு பளபளவென்று இருந்தது. அப்பாவுக்குப் பிடித்த வாழைக்காய் வறுவல் வாசனை மாடிப்படிவரை வந்தது. நான் சீருடையைக்கூட மாற்றாமல் படியில் உட்கார்ந்து, கீழே ஆட்டோ நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டோவில் வந்தது அவர்கள்தான். மாமாவால் வேறு வழி யோசிக்க முடியவில்லை போலும். ஹாலில் நின்று, கையைக் கூப்பிக்கொண்டு, உள்ளதைச் சொல்லிவிட்டார். அந்த அம்மாள் காலண்டரைப் பார்த்தார். பிறகு அம்மாவின் தலைப் பூவைப் பார்த்தார். "ஏம்மா, மத்தது போகட்டும். நாள் குறிச்சுல்ல சொன்ன?" என்று கேட்டார். கோபத்தைவிடப் பயம்தான் அந்தக் குரலில் அதிகம் இருந்தது.

"காபி ஆறிடும், குடிங்க" என்றாள் அம்மா.

அவர்கள் குடிக்கவில்லை. அந்த அம்மாள் வாசலில் அப்பாவின் செருப்பை மிதித்துவிடாமல் ஒதுங்கி நடந்து போனார்.

கடைசியில் வீட்டை வாங்கியவர் தியாகராய நகரில் துணிக்கடை வைத்திருந்தவர். கடைப் பையன்கள் தங்க இடம் வேண்டுமாம். அவர் மாடி ஏறவே இல்லை. வண்டி திரும்ப இடமிருக்கிறதா என்று தெருவில் நின்று பார்த்தார், விலையை இன்னும் குறைத்தார், முடித்தார். எங்கள் பெயிண்ட், பூ, காலண்டர் எதையும் அவர் பார்க்கவில்லை. யார் எப்போது செத்தார்கள் என்றும் அவர் கேட்கவில்லை.

எனக்கு மறக்காமல் இருப்பது அந்த வெள்ளிக்கு மறுநாள். முந்தின இரவே மாமா காலண்டரைக் கழற்றி, அப்பா படத்தைப் பழைய ஆணியில் மாட்டிவிட்டார். இனிமேல் வேஷம் வேண்டாம், வந்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா முகம் கழுவிக்கொண்டு வந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. எனக்கு அழுகை வந்தது.

காலையில் எழுந்து பார்த்தால் பால்கனியில் அம்மா நீலக் கோடு சட்டையைப் பிழிந்து, உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். காலரை இழுத்து நீவிவிட்டாள். கைகளைச் சுருக்கமில்லாமல் விரித்துவிட்டாள்.

"நாளைக்கு யாராச்சும் வராங்களாம்மா?" என்று கேட்டேன்.

அம்மா திரும்பவில்லை. "வெயில் நல்லா இருக்கு, சீக்கிரம் காஞ்சிடும்" என்றாள்.

அப்படியென்றால் ஆள் வருகிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன். மறுநாள் யாரும் சொல்லாமலேயே குளித்து, நல்ல கவுனைப் போட்டுக்கொண்டு, சொல்ல வேண்டியதை ஒருமுறை எனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.